'இன் யூட்டரோ' 30ஆம் ஆண்டு வினைல்: போனில் கேட்டதற்கும் தட்டில் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்?

நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழுவின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தின் 30ஆம் ஆண்டுப் பதிப்பை வினைலில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடையின் விவரக் குறிப்பில் இருக்கும் '180 கிராம்', 'மூல அனலாக் டேப்பிலிருந்து' என்பதெல்லாம் நிஜமா, வெறும் விளம்பரமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "போனில் நூறு தடவை கேட்ட அதே பாட்டுதானே, தட்டில் புதிதாக என்ன இருக்கப்போகிறது?" முதலில் அதற்கு வருகிறேன். மற்ற இரண்டும் அதன் வழியிலேயே வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு வருடமாக மாஸ்டரிங் வேலை, அதாவது பாட்டு வெளியாகும் முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்யும் வேலை, செய்கிறேன். அதில் ஏழெட்டு வருடமாக வினைலுக்கான மாஸ்டர்களும் தயாரித்து அனுப்புகிறேன். லாக்கர் என்பது பாட்டின் பள்ளங்களை முதன்முதலில் வெட்டும் மூலத் தட்டு. நான் அதை வெட்டுகிறவன் இல்லை. வெட்டுகிறவர்களுக்குக் கோப்பு அனுப்பி, திரும்பி வரும் சோதனைத் தட்டைக் கேட்டு, 'இதை அச்சடிக்கலாம்', 'இதை மறுபடி வெட்டுங்கள்' என்று சொல்கிறவன். அதனால் மாஸ்டரிங் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். அச்சுத் தொழிற்சாலைக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்வது, தட்டுகளைக் கேட்டும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசியும் தெரிந்துகொண்டது.

இந்த ஆல்பத்துக்கு மறுபதிப்பு என்பது மற்ற ஆல்பங்களைவிடக் கூடுதலாகப் பொருள்படுகிறது. காரணம் அது பிறந்த விதம். 1993 பிப்ரவரியில் மினசோட்டா மாநிலத்தின் கேனன் ஃபால்ஸ் ஊரில் உள்ள பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில் இதைப் பதிவு செய்தார்கள். பதிவும் மிக்ஸும் சேர்த்து இரண்டே வாரம். பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. தயாரிப்பாளர் என்று தன் பெயரைப் போட அவர் விட்டதில்லை, விற்பனையில் பங்கும் வாங்கியதில்லை. பிளம்பருக்குக் கூலி கொடுப்பதுபோல எனக்கும் வேலைக்கு இவ்வளவு என்று கொடுங்கள் என்று அந்த இசைக்குழுவுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியவர். ஓர் அறையில் ஒரு குழு வாசித்தால் எப்படிக் கேட்குமோ அப்படியே டேப்பில் ஏற்றுவதுதான் அவர் வேலையாக இருந்தது. டேவ் குரோலின் டிரம்ஸைச் சுற்றி, பக்கத்திலும் தூரத்திலும் ஏகப்பட்ட மைக்குகளை வைத்து, அந்த அறையின் எதிரொலியையே ஒரு வாத்தியம்போலப் பதிவு செய்தார்.

அது முடிந்த பிறகுதான் சிக்கல். ஆல்பம் லேபிளுக்குப் பிடிக்கவில்லை என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. பாஸும் குரலும் போதிய அளவு தெளிவாக இல்லை என்று குழுவுக்கே தோன்ற ஆரம்பித்தது. கடைசியில் 'ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' இரண்டையும் ஆர்.இ.எம். குழுவோடு வேலை செய்த ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் செய்தார். மற்ற பத்துப் பாட்டுகளிலும் ஆல்பினியின் மிக்ஸ் அப்படியே நின்றது. ஆனால் மாஸ்டரிங்கில் பாப் லுட்விக் பாஸையும் குரலையும் முன்னே கொண்டுவந்தார். 1993 செப்டம்பரில் வெளியானது இதுதான். கடைக்கு வந்த தட்டு தாங்கள் செய்த தட்டுபோல இல்லை என்று ஆல்பினி பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். லுட்விக் லேசுப்பட்டவர் இல்லை. 1969இல் லெட் ஸெப்பலின் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை அவர் வெட்டிய தட்டுகளுக்கு, லேபிளை ஒட்டிய உள் ஓரத்தில் கீறியிருக்கும் 'ஆர்.எல்.' என்ற இரண்டு எழுத்துக்காகவே இன்றும் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. ஆக, திறமையில் எந்தக் குறையும் இல்லாத இரண்டு பேருக்கு ஒரே ஆல்பத்தைப் பற்றி இரண்டு எண்ணங்கள் இருந்தன.

இந்த இடத்தில் மிக்ஸ், மாஸ்டர் இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பலர் குழம்புவது இங்கேதான். மிக்ஸ் என்றால் சாம்பார் வைப்பது. பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, காய் எப்போது போடுவது எல்லாம் அப்போது முடிவாகிவிடும். மாஸ்டரிங் என்றால் இறக்கி வைத்த சாம்பாரை ருசி பார்த்து, உப்புப் போதுமா, இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டுமா என்று பார்ப்பது. இறக்கிய பிறகு புளியை மட்டும் தனியே எடுக்க முடியாது. அதேபோல் ஸ்டீரியோ டேப்பில் வந்து சேர்ந்த பிறகு கர்ட் கோபேனின் குரலை மட்டும் உயர்த்த முடியாது. குரல் எந்த அதிர்வெண்களில் அதிகம் இருக்கிறதோ அந்தப் பகுதியை உயர்த்தலாம். அதே இடத்தில் இருக்கும் கிட்டாரும் கூடவே எழும்பி வரும்.

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் முன்னால் முக்கியமாக மூன்று 'இன் யூட்டரோ' இருக்கின்றன. ஒன்று, 1993இல் லுட்விக் மாஸ்டர் செய்தது. இரண்டு, 20ஆம் ஆண்டுக்காக ஆல்பினியே தனித்தனி டிராக்குகளுக்குத் திரும்பிப் போய்ப் புதிதாகச் செய்த 2013 மிக்ஸ். மூன்று, நீங்கள் கேட்கும் 2023 பதிப்பு. அக்டோபர் 27 அன்று வந்தது. இதில் மிக்ஸ் மாறவில்லை. 1993இன் அசல் ஸ்டீரியோ டேப்புகளை எடுத்து, பாப் வெஸ்டன் சிக்காகோவில் உள்ள தன் ஸ்டுடியோவில் புதிதாக மாஸ்டர் செய்திருக்கிறார். 1993இல் அந்த இரண்டு வாரமும் ஆல்பினிக்கு உதவியாளராக அதே பேக்கிடெர்மில் இருந்தவர் இந்த வெஸ்டன்தான்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பதிப்பில் பணம் கொடுக்கத் தகுந்த விஷயம் இதுதான். முப்பது வருடம் கழித்து ஒருவர் டேப்பைக் கேட்டு 'டிரம்ஸ் இப்படித்தான் இருந்தது' என்று முடிவெடுக்கும்போது, அந்த டிரம்ஸை நேரில் கேட்ட காது அவருடையது. அதற்காக அதை மிகைப்படுத்தவும் கூடாது. முப்பது வருட நினைவு அளவுகோல் ஆகாது. பேக்கிடெர்மில் கேட்டதை அவர் அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நான் உறுதியாகச் சொல்வது, டேப்பில் ஏறியதன் மேல் 1993இல் எடுத்த கடைசி முடிவுகளை ஒதுக்கிவிட்டு, அங்கிருந்து புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதை மட்டும்தான்.

கேட்டால் தெரிகிறதா? என்னிடம் இருக்கும் பழைய சிடியையும் 2023 தட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேட்டேன். சத்த அளவைச் சரிசெய்யாமல் இரண்டு பதிப்புகளை ஒப்பிடவே கூடாது. கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் 'நன்றாக' இருப்பதுபோல் தோன்றும். எனக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது 'சென்ட்லெஸ் அப்ரண்டிஸ்' ஆரம்பத்தில் வரும் டிரம்ஸில். அடி விழுந்த பிறகு அந்த அறை மூச்சுவிடும் இடம் தட்டில் கூடுதலாக இருந்தது. 'மில்க் இட்' பாட்டில் கிசுகிசுப்பிலிருந்து அலறலுக்குத் தாவும் இடமும் அப்படித்தான். 'டம்ப்' பாட்டில் எனக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் கேட்கவில்லை. இது என் அறையில், என் ஸ்பீக்கரில், என் காதுக்குக் கேட்டது. இதில் எவ்வளவு மாஸ்டரிங், எவ்வளவு என் காட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் பகுதி) குணம் என்று முழுதாகப் பிரிக்க எனக்கு வழியில்லை. அதனால் இதை சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

அடுத்து, 'மூல அனலாக் டேப்பிலிருந்து' என்ற வாசகம். பொய் இல்லை. ஆனால் பலர் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் அது சொல்கிறது. டேப்பிலிருந்து எடுத்தோம் என்பது ஒன்று, டேப்பிலிருந்து நடுவில் டிஜிட்டலே இல்லாமல் லாக்கரில் வெட்டினோம் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் அதைத் தனியாக, அழுத்தமாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்லாதவரை நடுவில் உயர்தர டிஜிட்டல் பதிவு ஒன்று இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் தட்டு மட்டமாகிவிடாது. 2022இல் மொபைல் ஃபிடலிட்டி என்ற நிறுவனத்தின் கதை வெளியே வந்ததே, நினைவிருக்கிறதா? முழு அனலாக் என்று உலகமே நம்பி வாங்கிய அவர்களது விலையுயர்ந்த தட்டுகள் பலவற்றில் டிஜிட்டல் படி ஒன்று இருந்திருக்கிறது. வாங்கியவர்கள் கோபப்பட்டது நியாயம்தான், உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வருடக்கணக்காக அந்தத் தட்டுகளைப் புகழ்ந்த தேர்ந்த காதுகள் எதுவும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெட்டும் இயந்திரத்துக்கு, அடுத்து வரப்போகும் ஒலி எவ்வளவு பெரியது என்று ஒரு சுற்றுக்கு முன்பே தெரிய வேண்டும். தெரிந்தால்தான் பள்ளங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று அது முடிவெடுக்கும். இதற்காகப் பழைய டேப் இயந்திரங்களில் முன்னால் கூடுதலாக, டேப்பை முன்கூட்டியே படிக்கும் ஒரு ஹெட் இருக்கும். எழுபதுகளின் கடைசியிலிருந்து பல இடங்களில் அதற்குப் பதிலாக ஒரு டிஜிட்டல் தாமதக் கருவியை வைத்துவிட்டார்கள். ஆக, 'அந்தக் காலத்து அசல் அனலாக்' என்று நாம் கொண்டாடும் எண்பதுகளின் தட்டுகள் பலவற்றில்கூட ஒலி டிஜிட்டல் வழியாகப் போய்த்தான் லாக்கரில் இறங்கியிருக்கிறது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் வெட்டும் மேசையில் வாழ்நாளைக் கழித்த ஒருவர். கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

180 கிராம் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாதாரணத் தட்டு 120 முதல் 140 கிராம் இருக்கும். எடை கூடினால் தட்டு தடிமனாகும், அவ்வளவுதான். பள்ளத்தின் ஆழமும் வடிவமும் அதேதான். கையில் பிடித்தால் கனமாக, அழகாக இருக்கும். ஒலிக்கு அதில் பங்கில்லை. நிறமும் ஏறக்குறைய அப்படித்தான், இன்றைய வண்ணத் தட்டுகள் கறுப்புக்குச் சளைத்தவை இல்லை. படம் அச்சிட்ட தட்டுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் சரசரப்பு அதிகம்.

உண்மையில் பயப்பட வேண்டியது அச்சின் தரத்துக்குத்தான். அங்கே உங்கள் கையில் கிடைக்கும் அந்த ஒரு தட்டைப் பற்றி நானோ வேறு யாருமோ உத்தரவாதம் தர முடியாது. ஒரு தட்டு அச்சாக அரை நிமிடம்தான் ஆகிறது. அது சரியாக ஆறாவிட்டால் வளையும், நடுத்துளை கொஞ்சம் நகர்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி அலையும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆசையாக ஒரு மறுபதிப்பு வாங்கினேன், இது அல்ல, வேறு ஆல்பம். துளை ஒரு மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். நீண்ட பியானோ சுரங்கள் எல்லாம் ஊஞ்சல் ஆடின. மாஸ்டரிங் செய்தவர் என்ன பாடுபட்டிருந்தாலும் அந்தத் தட்டில் அது வீண். கடையில் பேசி மாற்றி வாங்க ஒன்றரை மாதம் ஆனது. அதனால் திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள், வந்த வாரத்திலேயே இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேட்டுவிடுங்கள்.

தட்டு என்ற வடிவத்துக்கே இந்த ஆல்பம் நன்றாகப் பொருந்துகிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. மொத்தம் பன்னிரண்டு பாட்டு, சுமார் 41 நிமிடம். பக்கத்துக்கு இருபது நிமிடம் என்பது நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சௌகரியமான அளவு. அதைத் தாண்டத் தாண்டப் பள்ளங்களை நெருக்கி, சத்தத்தைக் குறைத்து, பாஸைச் சுருக்கித்தான் வெட்ட வேண்டியிருக்கும். 33⅓ தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே லேபிள் பக்கம் போகும்போது அது இருபத்தொன்றாகக் குறைந்துவிடும். அதே உச்ச ஸ்தாயி ஒலிகள் அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நசுங்கி உட்கார வேண்டும். பக்கக் கடைசியில் சிம்பலும் 'ஸ்' ஒலியும் கரகரப்பது இதனால்தான். இந்த ஆல்பத்தில் முதல் பக்கத்தின் கடைசியில் 'டம்ப்', இரண்டாம் பக்கத்தின் கடைசியில் 'ஆல் அபாலஜீஸ்'. இரண்டிலும் செல்லோ இருக்கிறது, இரண்டும் இருப்பதிலேயே மென்மையான பாட்டுகள். 'சென்ட்லெஸ் அப்ரண்டிஸ்' போன்ற முரட்டுப் பாட்டு வெளி ஓரத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. இதை யோசித்து வைத்தார்களா, தற்செயலா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். தட்டுக்கு அது பெரிய வரம். 2013இல் 45 சுற்று வேகத்தில் இரண்டு தட்டுகளாகவும் ஒரு பதிப்பு வந்தது. பள்ளம் வேகமாக ஓடுவதால் உள் ஓரத்தில் இன்னும் சுத்தமாக இருக்கும், ஆனால் மூன்று பாட்டுக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும்.

'வினைலில் டைனமிக்ஸ் அதிகம்' என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். மென்மையான இடத்துக்கும் சத்தமான இடத்துக்கும் உள்ள இடைவெளியை மாஸ்டரிங் தீர்மானிக்கிறது. தட்டுக்கென்று தனி மாஸ்டர் செய்தால் வித்தியாசம் வரலாம். நசுக்கிய டிஜிட்டல் மாஸ்டரையே தட்டில் வெட்டினால் தட்டிலும் நசுங்கியதுதான் இருக்கும். இணையத்தில் சிலர் தட்டைக் கணினியில் பதிவு செய்து, மீட்டரில் எண் கூடியிருப்பதைக் காட்டுவார்கள். வெட்டும்போதும் வாசிக்கும்போதும் அலையின் உச்சிகள் இடம் மாறுவதால் அந்த எண் தானாகவே கூடும். கேட்கும் ஒலியில் எதுவும் கூடியிருக்காது. நிர்வானாவின் முந்தைய ஆல்பமான 'நெவர்மைண்ட்'டின் 2011 ரீமாஸ்டர் சத்தமாக, நெருக்கமாக இருக்கிறது என்று ரசிகர்கள் வருத்தப்பட்டது ஞாபகம் இருக்கலாம். ஆண்டுவிழாப் பதிப்பு என்பதாலேயே ஒன்று நன்றாக இருந்துவிடாது என்பதற்கு அந்தக் குழுவின் தட்டு வரிசையிலேயே உதாரணம் இருக்கிறது.

சரி, வாங்கலாமா? முதலில் உங்கள் டர்ன்டேபிள். ஸ்பீக்கரோடு சேர்ந்த சூட்கேஸ் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைகளில் ஊசி பெரும்பாலும் ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தும், காட்ரிட்ஜும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95இ மாதிரி ஒரு சாதாரணக் காட்ரிட்ஜ்கூட இரண்டு கிராமில் ஓடும். மேலே நான் சொன்ன எந்த வித்தியாசமும் சூட்கேஸில் உங்களுக்குக் கேட்காது. இப்போது ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தட்டை விடுங்கள், ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்யக்கூடிய கையுள்ள ஒரு டர்ன்டேபிளுக்குச் சேர்த்து வையுங்கள்.

டர்ன்டேபிள் வந்த பிறகு, ஒரு பெரிய தட்டும் ஒரு பத்து அங்குலத் தட்டுமாக வரும் சிறிய பதிப்பை வாங்குங்கள். எட்டுத் தட்டுப் பெட்டி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதில் 1993 டிசம்பர் லாஸ் ஏஞ்சலஸ், 1994 ஜனவரி சியாட்டில் கச்சேரிகள் முழுதாக இருக்கின்றன. மேடையின் மிக்ஸிங் மேசையிலிருந்து எடுத்த ஸ்டீரியோ டேப்புகளை வைத்து ஜாக் எண்டினோ அவற்றை மீட்டெடுத்திருக்கிறார். அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தை 606 டாலர் 17 சென்ட் செலவில் பதிவு செய்து கொடுத்த அதே எண்டினோ. கச்சேரிகள் எனக்கு மிகவும் பிடித்தவை, குறிப்பாக சியாட்டில். ஆனால் அவற்றை ஸ்ட்ரீமிங்கிலேயே கேட்கலாம். நீங்கள் கேட்டது ஆல்பத்தைப் பற்றி, அதற்குச் சிறிய பதிப்பு தாராளமாகப் போதும்.

இப்போதே செலவில்லாமல் ஒன்று செய்யலாம். ஸ்ட்ரீமிங்கில் 20ஆம் ஆண்டுப் பதிப்பைத் திறந்தால் '2013 மிக்ஸ்' என்று போட்டு எல்லாப் பாட்டும் இருக்கும். நல்ல ஹெட்போனில் 'ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்' பாட்டை முதலில் லிட்டின் பழைய மிக்ஸில் கேளுங்கள், அப்புறம் ஆல்பினியின் 2013 மிக்ஸில் கேளுங்கள். கோரஸில் குரல் எங்கே நிற்கிறது, டிரம்ஸ் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்த வித்தியாசம் உங்களுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை என்றால், மாஸ்டரிங் தரும் வித்தியாசம் அதைவிடச் சிறியது, நீங்கள் நிம்மதியாகப் போனிலேயே கேட்கலாம். இரண்டாவது தடவை கேட்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்றால் எந்த டர்ன்டேபிள் வாங்கலாம் என்று இங்கேயே மறுபடி கேளுங்கள், உங்கள் பணத்துக்குள் எது அடங்கும் என்று உட்கார்ந்து பார்ப்போம்.